ஆஸ்டின் டவுனிலிருந்து கல்லூரி வாயில் வரை

பெங்களூர் வாழ் தமிழர்க்கு ஆஸ்டின் டவுன் புதிய பெயரன்று. பிழைப்பு நாடி வந்த நம் மக்கள் பலர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டை அது. அதற்குக் கிட்டெல் நகர் என்றும் ஒரு பெயர் உண்டு. 1894-இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியாரின் பெயர் அது. பிறநாட்டிலிருந்து வந்து இந்நாட்டு மொழியைக் கற்று, அம்மொழிக்கே தொண்டு செய்த ஒருவர் பெயரால் நம் பேட்டை விளங்குவது பொருத்தமே.

சென்ற ஆனித் திங்களில் ஒரு நாள் எம் அடுத்த வீட்டுத் தச்சர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் வேதியியலிற் பட்டம் பெற்றவள். அக்குடும்பத்தில் முதற் பட்டதாரி. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தைக்கோ தயக்கம். "பல்கலைக்கழகம் என்பது பெரிய இடமாயிற்றே, ஐயா. நம்மைப் போன்றவர்க்கு அங்கே என்ன வேலை? கிடைத்த வேலைக்குப் போகட்டுமே" என்றார். "ஒரு முறை பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வோம்" என்றேன்.

மறுநாட் காலையில் மூவரும் ரிச்மண்ட் டவுன் வழியே நடந்து கப்பன் பூங்காவை அடைந்தோம். 1947 வரை இப்பூங்காவுக்குக் கிழக்கே ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தண்டு. மேற்கே மைசூர் மன்னரின் நகரம். இரண்டு ஆட்சிகளையும் ஒரு பூஞ்சோலையே பிரித்து நின்றது. சில மைல் தொலைவிலிருந்த கல்லூரி தண்டுவாசிகளுக்கு அந்நாளில் வேற்று அரசின் கல்லூரியாக இருந்தது.

பூங்காவைக் கடந்து சென்ட்ரல் கல்லூரி வாயிலில் நின்றோம். 1858-இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி, 1875-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி இது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயிற் படித்த ஏழை மாணவர் ஒருவர் இங்கிருந்து 1881-இல் பட்டம் பெற்றார். அவரே விசுவேசுவரய்யா. பின்னர் அவர் மைசூர்த் திவானாக இருந்தபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1916 ஜூலை 27-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். ஆங்கிலேயரின் நேராட்சிக்கு வெளியே, இந்திய மன்னர் ஒருவரின் நாட்டில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் அதுவே. எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தரானார். சென்ட்ரல் கல்லூரியும் அதன் குடைக்கீழ் வந்தது.

முதற் பட்டமளிப்பு விழா 1918-இல் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே நம் இராதாகிருஷ்ணன் மைசூரில் தத்துவப் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்திலேயே படித்து அதன் துணைவேந்தரான முதல்வர் கவிஞர் குவெம்பு, ஆண்டு 1956. பின்னர் 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியே பிறந்தபோது சென்ட்ரல் கல்லூரி அதற்கு உரியதாயிற்று. 2017-இல் அது மூன்றாகப் பிரிந்தபோது இவ்வளாகம் மற்றொரு பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாயிற்று.

நம்மவர் காலடியும் இங்கே பதிந்துள்ளது. இராஜாஜி இக்கல்லூரி மாணவர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், தாம் கண்ட புதிய ஒளிச்சிதறலைப் பற்றி 1928 மார்ச் 16-இல் அறிஞர் அவையில் விரித்துரைத்ததும் இவ்விடத்திலேதான். இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். தச்சர் ஒன்றும் பேசவில்லை. பழைய கட்டடத்தின் கதவொன்றைக் கையால் தடவிப் பார்த்தார். "நல்ல தேக்கு, வேலை தெரிந்தவன் செய்தது" என்றார். சற்று நின்று, "கதவு செய்தவனும் நம்மைப் போன்றவன்தானே, ஐயா" என்றார். பிறகு மகளை நோக்கி, "விண்ணப்பத்தை எழுது அம்மா" என்றார்.

ஒரு பல்கலைக்கழகத்தின் முதன்மைகளை நூல்கள் குறித்து வைக்கும். ஒரு குடும்பத்தின் முதற் பட்டத்தை யார் குறிப்பார்? அதுவும் வரலாறே. அன்பர்களே, ஒரு விடுமுறை நாளில் உங்கள் மக்களை அவ்வாயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது நமக்கும் உரிய வாயில் என்பதை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.