நான் இல்லாத புகைப்படங்கள்

என் அண்ணரின் மகள் 2018ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு கனடியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்கள் எதிலும் நான் இல்லை. அண்ணர் காலமாகிவிட்டபடியால் தகப்பனின் இடத்தில் நிற்க வேண்டியவன் நான்தான். பத்திரிகை அலுவலகத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். உண்மையில் அன்று எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

எதிர்த்ததற்கான காரணத்தை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. 1983க்குப் பின்னர் எங்கள் குடும்பங்களில் 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்பது அன்றாடச் சொல்லாகிவிட்டது. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சாதகக் குறிப்பும் ஒரு படமும் வரும், பொருத்தம் பார்க்கப்படும், மாப்பிள்ளை வந்திறங்கிய சில நாட்களில் தாலி ஏறும். இவ்வாறான எத்தனையோ திருமணங்களில் முன்வரிசையில் இருந்து அறுகரிசி போட்டு வாழ்த்தியிருக்கிறேன். அந்த மாப்பிள்ளைகளின் கடவுச்சீட்டும் அந்நிய நாட்டினுடையதுதான். மணமகள் அவர்களை முன்பின் அறியாதவள். ஆனாலும் அவர்கள் எமக்கு 'நம்மவர்'. நான்கு ஆண்டுகள் பழகி, அவளுடைய குணம் அறிந்து, புட்டும் மீன்குழம்பும் கையால் உண்ணக் கற்றுக்கொண்ட இந்த மனிதர் மட்டும் எனக்கு 'வெள்ளைக்காரன்'.

எங்கே வாழ்வது என்ற கேள்வி அவர்களுக்கு உடனேயே எழுந்தது. இலங்கையில் இருப்பதே இருவரினதும் முதல் விருப்பம். ஆனால், இலங்கைப் பெண்ணின் கணவர் என்ற முறையில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வதிவிட விசா காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதை வைத்துக்கொண்டு அக்காலத்தில் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் விடயத்தில் மட்டும் நிலைமை சீரடைந்திருந்தது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவழிக் குடியுரிமையைத் தகப்பன் வழியாகவே கொடுத்து வந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னரே, வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண்ணின் பிள்ளை தாய்வழியில் இலங்கையராக முடிந்தது.

ஆகவே, கணவரின் நாட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. கணவன் மனைவி விசாவுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வாசற்படி வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் அது வருமானம். 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று விதிக்கப்பட்ட எல்லை, 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. கனடாவில் கணவனையோ மனைவியையோ அழைப்பதற்குப் பொதுவாக வருமான எல்லை இல்லை. அழைப்பவர் மூன்று ஆண்டுகளுக்குத் துணையின் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். மணம் முடிக்காதவர்களும் ஓராண்டு தொடர்ச்சியாக ஒன்றாக வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கனடியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடியே துணைக்கு அனுசரணை வழங்கலாம். துணைக்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்ததும் கனடாவில் குடியேறப்போவதைக் காட்ட வேண்டும்.

பணத்தைப் பெரிதாகக் கேட்காத அந்த நாடு, உறவின் உண்மையைக் கேட்கிறது. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவின்படி, திருமணம் உண்மையானதல்ல என்றாலும் மறுக்கலாம். குடிவரவு நன்மையே அதன் முதன்மை நோக்கம் என்றாலும் மறுக்கலாம். 2010 செப்டெம்பருக்கு முன்னர் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடியும். அதன் பின்னர் ஒன்று போதும்.

உண்மையை நிரூபிக்க வேண்டுமே! பெறாமகளும் அவருமாக நான்கு வருட அன்பைக் கோப்புகளில் அடுக்கத் தொடங்கினார்கள். விமானச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்றுகள், ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள், புகைப்படங்கள்.

ஓரிரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"சித்தப்பா, கலியாணத்துக்கு ரெண்டு பக்கத்திலயும் ஆர் ஆர் வந்தவையெண்டு படிவத்தில கேட்டிருக்கு. வராட்டில் ஏனெண்டும் கேட்டிருக்கு. உங்களைப் பற்றி நான் என்ன எழுதட்டும்?"

அவள் குற்றஞ்சாட்டும் தொனியில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். அதுதான் என்னைச் சுட்டது. அவளுடைய வீட்டுப் பெரியவன் ஒருவன் திருமணத்துக்கு வரவில்லை என்பதை, அந்தக் குடும்பத்தை அறியாத ஓர் அதிகாரி எப்படி வாசிப்பார்? என் வீம்பு அவளுடைய கோப்பில் ஒரு சந்தேகக் குறியாக உட்கார்ந்திருந்தது.

பதற்றத்தில் நான் சொன்ன யோசனையையும் மறைக்காமல் எழுதுகிறேன். "இப்ப ஒரு சின்னச் சடங்கு வைப்பம். நானும் வந்து நிக்கிறன். அந்தப் படங்களையும் சேர்த்து வை. திகதியை ஆர் பார்க்கப் போகினம்?" என்றேன்.

"சித்தப்பா, முப்பது வருசம் பேப்பரில எழுதின நீங்களோ இப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றாள்.

அவள் சொன்னது நெறிக்கும் சரி, சட்டத்துக்கும் சரி. பொய்த் தகவல் கொடுத்து அகப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. 2014க்கு முன்னர் அது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு மேன்முறையீட்டு வழி உண்டு. பொய்யென்று கண்டுபிடிக்கப்பட்டாலும் கணவன் மனைவி விடயத்தில் அந்த வழி அடைபடுவதில்லை.

அன்றிரவே நான் ஒரு கடிதம் எழுதினேன். எத்தனையோ ஆசிரிய தலையங்கங்கள் எழுதியவனுக்கு அந்த ஒரு பக்கத்தை எழுத விடியும்வரை சென்றது. இந்தத் திருமணத்தை நான் எதிர்த்தேன், மணமகன் தமிழரல்ல என்பதே காரணம், அதனாலேயே போகவில்லை, நான் செய்தது தவறு என்று எழுதினேன். இறுதியில் இப்படிச் சேர்த்தேன்: இது விசாவுக்காகச் செய்யப்பட்ட திருமணமாக இருந்திருந்தால், எங்கள் குடும்பம் முழுவதும் மாலையோடு படத்தில் நின்றிருக்கும். குடும்பத்துப் பெரியவனின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு எவரும் விசாவுக்காக மணம் முடிப்பதில்லை.

2019இல் அவளுக்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. அந்தக் கடிதம் எவ்வளவு தூரம் உதவியது என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய கோப்பே போதுமானதாக இருந்திருக்கலாம். கட்டுநாயக்காவில் வழியனுப்பச் சென்றபோது அவருடைய கையைப் பிடித்து முதன்முறையாக 'தம்பி' என்று அழைத்தேன். அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது. மூவருமாக ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

இவ்வாறான பயணத்துக்கு ஆயத்தமாகும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், பொய் எழுதாதீர்கள். பெரியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். உங்கள் மனவருத்தம் வீட்டோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பிள்ளையின் விண்ணப்பத்தில் அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. திருமணத்துக்குப் போய்ப் படத்தில் நில்லுங்கள்.