காற்றின் அளவு அறிந்தவர்கள்

வானத்தை நம்பி விதைக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில், பருத்தியும் கம்பும் விளைந்த இடங்களில் மக்காச்சோளம் வந்து நிலைபெற்றுவிட்டது. கோழித் தீவனம் என்றே நாம் அறிந்திருந்த அத்தானியம், டன்னுக்கு ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் தரக்கூடிய மூலப்பொருளாகத் தேசத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவை எட்டிய, பெட்ரோலில் எத்தனாலின் கலப்பு, 2030இல் அடைய எண்ணியிருந்த இருபது பங்கை 2025லேயே எட்டிவிட்டது. அந்த மாற்றத்துக்குப் பழைய வண்டிகளை ஒத்துப்போகும்படி செய்து தரும் தொழிலாளிகளைக் காணும் ஆவலோடு ஒரு கோடையில் அருப்புக்கோட்டைக்குப் பிரயாணமானேன்.

நான் சென்ற பட்டறை, தகரக் கூரையின் கீழ் ஆறேழு வண்டிகள் நிற்குமளவே இடமுள்ளது. அங்கே முதலிடம் பெற்றிருந்தது ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான இந்த டூ ஸ்ட்ரோக் வண்டி, 98 சிசி எஞ்சினைக் கொண்டே 11 குதிரைத் திறன் தருவது; வேகத்தில் மோகங்கொண்ட இளைஞர்கள் இன்றும் பெரும் பொருள் கொடுத்து இதனை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அன்று வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல இழுக்க மாட்டேங்குது, எஞ்சினும் கொதிக்குது" என்று முறையிட்டார். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனை வெளுத்திருந்தது.

அந்த வெளுப்பின் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சிறிது ரசாயனம் வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிராம் காற்று தேவை. தன் மூலக்கூற்றிலேயே பிராணவாயுவைச் சுமந்து வரும் எத்தனாலுக்கு 9 கிராமே போதும். இருபது பங்கு எத்தனால் சேர்ந்த கலவைக்கோ 13.5 கிராம். ஆகவே சுத்த பெட்ரோலுக்கென்று துளையிட்ட கார்புரேட்டர் ஜெட்டின் வழியே இக்கலவை பாயும்போது, காற்று மிகுந்து எரிபொருள் குறைகிறது. அண்மைக் காலத்து வண்டிகளில் புகைப்போக்கியிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் இக்குறையை உணர்ந்து, எரிபொருளைத் தானே கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டருக்கு அத்தகைய உணர்வில்லை. மனிதனே அதற்கு உணர்வாக இருக்கவேண்டியிருக்கிறது. அவன் தவறினால் உஷ்ணம் ஏறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக் முதலில் செய்தது ஒரு பரீட்சை. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் நூறு மில்லி பெட்ரோலும் பத்து மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தார். எத்தனால் பெட்ரோலைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதால், அடியில் நின்ற பத்து மில்லி முப்பதை நெருங்கியது. பிறகு கார்புரேட்டரைப் பிரித்து, ஊதிப்போன ரப்பர் வாஷரையும் விறைத்துப்போன பெட்ரோல் டியூபையும் மாற்றினார். சில இடங்களில் மெல்லிய கம்பியால் ஜெட்டின் துளையைக் குடைந்து அகலமாக்கிவிடும் வழக்கமுண்டு. அதை இவர் வெறுக்கிறார். "குடைஞ்ச ஓட்டைக்கு நம்பர் கிடையாது சார், நாளைக்குக் கூட்டணுமா குறைக்கணுமான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த எண்ணுள்ள மெயின் ஜெட்டைப் பூட்டினார். நீடிலின் தலையிலுள்ள கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கி, ஊசி சற்றே உயரும்படி செய்தார். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகி, எஞ்சினின் ஓசை சீராகும் வரை செவியைக் கொடுத்து நின்றார். அத்தனை கவனத்தை நான் சங்கீத சபைகளிலும் அதிகம் கண்டதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்காகத் திருச்சுழிச் சாலையில் புறப்பட்டபோது, அவர் பின்னால் நானும் அமர்ந்தேன். முழு வேகத்தில் சிறிது தூரம் ஓடியதும் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து, வண்டியை ஓரங்கட்டி அந்த இடத்திலேயே பிளக்கைக் கழற்றினார். மெதுவாக ஓடி நின்றால் முழு வேகத்தின் அடையாளம் அழிந்துவிடுமாம். நிறம் வெளிர் பழுப்பு. எத்தனால் எரிகையில் கரி குறைவாகப் படிவதால் பழைய நாளின் அடர்ந்த பழுப்பை எதிர்பார்த்து ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவது பிழை என்றார். இந்தச் சூட்சுமத்தை அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாங்கள் நின்ற இடத்துக்கு அருகே சீமைக் கருவேல விறகை அடுக்கி, தழையும் மண்ணும் மூடிய கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. காற்றுத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் நின்ற பெண்மணி, வெள்ளைப் புகை மெலிந்து நீலம் படர்ந்தால் கரி தேறிவிட்டதென்று பொருள் என விளக்கினார். காற்று மிகுந்தால் விறகு சாம்பலாகும்; குறைந்தால் பாதி வேகாமல் நிற்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் அருகியபோது, நம் நாட்டுப் பஸ்கள் கரிவாயுவால் ஓடியதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வாயுவுக்கு ஏறத்தாழ சம அளவு காற்றே வேண்டும். அதைப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இசைவித்தவர்களும் இந்த மெக்கானிக்கைப் போன்ற பெயரறியாத் தொழிலாளிகளே.

பிரேசில் தேசத்தில் 1979 முதல் எத்தனாலிலேயே ஓடும் கார்கள் விற்பனைக்கு வந்தன. பந்தயக் கார்களை எத்தனாலுக்கு மாற்றுகிறவர்கள் அதன் குளிர்ச்சியையும் தானே வெடித்துத் தட்டாத குணத்தையும் பயன்படுத்தி, அழுத்தத்தைக் கூட்டி அதிக சக்தி பெறுகிறார்கள். அதற்கு இன்ஜெக்டர், பம்பு முதலியவற்றைப் பெரிதாக்கி, எரிபொருளை மூன்றிலொரு பங்குக்குமேல் கூட்டவேண்டும். அவர்களிடம் கணினியும் நுண்ணிய சென்சாரும் உண்டு. நம் நாட்டில் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுக்கு இருபது பங்குக் கலவையைத் தாங்கும் பாகங்கள் உண்டு. அதற்கு முன் பிறந்த கார்புரேட்டர் வண்டிகளை நம்பி வயிறு வளர்க்கும் எளியவர்களுக்கு இத்தகைய பட்டறைகளே கதி. எத்தனால் கலக்கும் தேசியத் திட்டம் இப்பட்டறைத் தொழிலாளிகளையும் அழைத்துப் பயிற்சியும் கருவியும் தந்து தொடங்கியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்றைக் காட்டினார். வண்டிவாரியாக ஜெட் எண், நீடில் வரி, ஸ்க்ரூ திருகிய சுற்று ஆகியவற்றோடு மாதமும் குறித்திருந்தது. கோடையில் காற்று விரிந்து இலேசாகிவிடுவதால் அதே ஜெட் அப்போது சற்று அதிகமாகவே ஊட்டும். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக அதைப் படியெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். சித்திரைக் கணக்க மட்டும் மார்கழியில போட வேணாம்னு சொல்லிருங்க, பிஸ்டன் பிடிச்சுக்கும்" என்றார்.