அந்த நாளும் நம் தோட்டங்களும்

1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டும் இல்லை. 1943இல் ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசியதை ஒட்டி, வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். தம்பி, தம்பி மனைவி, அண்டைவீட்டார், ஆசைநாயகி எனக் கதை சொல்லும் ஒவ்வொருவரும் பிறிதொருவர்மீது விரல் நீட்டுகின்றனர். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ வெளிவந்த நான்கே ஆண்டுகளில் எஸ். பாலச்சந்தர் இவ்வாறு எடுத்தார். சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக நடித்தார். இன்றைய நட்சத்திரங்கள் இசைவார்களோ, ஐயமே!

கொலையாளி யார் என்பதைவிட, விசாரிக்க வந்த அதிகாரியே நம்மைக் கவர்கிறார். எல்லார் சொல்லையும் அவர் கேட்கிறார். இறுதியில் மனைவி உஷா வாய் திறந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது.

இரத்தினபுரி, கேகாலை றப்பர்த் தோட்டங்களில் ஒரு கைகலப்பு நேர்ந்தால், துரைக்கு ஒரு கதை, கணக்கப்பிள்ளைக்கு ஒரு கதை, பால்வெட்டும் பெண்ணுக்கு ஒரு கதை உண்டு. பொலிஸ் நிலையத்தில் அவள் தமிழில் சொல்வது பெரும்பாலும் சிங்களத்திலேயே பதிவாகிறது. தன்னால் வாசிக்க இயலாத தாளில் அவள் கையொப்பமிடுகிறாள். தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பு கூறத் தொடங்கியது 1987இல்! 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது, ஓடி ஒளிந்த தாய்மார் கண்டவற்றைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?