வாய் திறக்காத யூஷெங்

சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் ஒரு தட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, கேரட்டையும் முள்ளங்கியையும் சாப்ஸ்டிக்கால் தூக்கித் தூக்கிப் போட்டுக் கத்துவோமே, அந்த யூஷெங்கைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். "என்னடா இது, சாப்பாட்டை இப்படி மேசையெல்லாம் இறைக்கிறாங்க!" என்று நம்மில் பலர் முதலில் முகம் சுளித்திருப்போம்.

சங்கதி என்னவென்றால், சீனர்களின் பண்டிகைச் சாப்பாட்டில் பாதி ருசி காதில் இருக்கிறது. மாண்டரினில் மீனுக்கு 'யூ'. மிச்சம் என்பதற்கும் அதே ஒலிதான். அதனால்தான் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே கூடி உண்ணும்போது மீனை முழுசாகத் தீர்க்காமல் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். வருஷா வருஷம் வீட்டில் மிச்சம் இருக்கணுமாம்! பசையரிசி மாவில் அவிக்கும் 'நியான் காவ்' இன்னொன்று. அடுப்பங்கரைத் தெய்வம் மேலுலகம் போய் வீட்டுக் கதையைப் போட்டுக்கொடுக்காதபடி, அந்தப் பிசுபிசுப்பால் அதன் வாயை ஒட்டிவிடுவார்களாம். (சாமிக்கே லஞ்சமா என்று கேட்காதீர்கள், நாம் தேங்காய் உடைப்பது எதற்காம்?)

யூஷெங்கிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து உண்டு. பிளம் சாற்றை ஊற்றினால் வாழ்வு இனிக்கட்டும். நொறுக்கைத் தூவினால் தரையெல்லாம் தங்கம். இன்றைய வடிவத்தை 1964-ல் நான்கு சமையல்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்று சிங்கப்பூரில் சொல்வார்கள். சிரம்பான்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சண்டை நமக்கெதற்கு? 2015-ல் இங்கே பச்சை ஆற்றுமீனை அப்படியே உண்ணும் உணவாக விற்கத் தடை வந்தது. சால்மன் இருந்தது, சமாளித்தார்கள். மீனுக்கு மாற்று உண்டு. சொல்லுக்கு?

2021-ல் அதுவும் நடந்தது. கொரோனா காலம். மேசைக்கு எட்டுப் பேர்தான். முகக்கவசத்தோடு, வாழ்த்தைக் கூவாமல்தான் கிளற வேண்டும் என்பது உத்தரவு. எதிர்வீட்டு ஆ மா (நம்ம அப்பத்தா மாதிரி) அந்த வருஷமும் என்னை உணவகத்துக்குக் கூட்டிப்போனார். ஜொகூரில் இருக்கும் மூத்த மகனால் எல்லை தாண்டி வர முடியவில்லை. அவருக்கென்று ஒரு கிண்ணம், ஒரு ஜோடி சாப்ஸ்டிக் காலி நாற்காலிக்கு முன்னால்.

எல்லாரும் சத்தமில்லாமல் கிளறினோம். சாப்ஸ்டிக் தட்டில் படும் ஒலி மட்டும் கேட்டது. வருஷந்தோறும் எல்லாரையும்விட உரக்கக் கத்துகிறவர் ஆ மாதான். அவரைப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஆனால் பிளம் சாறு ஊற்றியதிலிருந்து நொறுக்குத் தூவி முடியும்வரை, அவருடைய முகக்கவசம் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.