பட்டியலில் இல்லாத சத்திரம்

சென்ற தவக்காலத்தில் ஒரு நள்ளிரவு, என் மனைவிக்குக் கடும் மார்வலி கண்டது. ஆவூரிலிருந்து வாடகைக் காரில் ஏற்றிச் சென்று, திருச்சியில் கண்ணில் பட்ட முதல் மருத்துவமனையில் சேர்த்தேன். இறையருளால் உயிர் பிழைத்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். 2022 ஜூலையில் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்திற்கென மாதந்தோறும் என் ஓய்வூதியத்தில் 497 ரூபாய் பிடித்தார்கள். நான்காண்டுக்கு 5 இலட்சம் வரை சிகிச்சை என்றார்கள். காப்பீட்டு நிறுவனமோ, 'அம்மருத்துவமனை பட்டியலில் இல்லை' என ஒரே வரியில் கைவிரித்தது. அவள் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அன்று நான் உதிர்த்த சொற்களைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல நேர்ந்தது! குற்றுயிராய்க் கிடந்தவனைச் சுமந்த நல்ல சமாரியர், சத்திரம் பட்டியலில் உள்ளதா என்று கேட்டதாக லூக்கா எழுதவில்லையே.

திருப்பலி முடிந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, இதே குறை மேலும் இருவருக்கு இருந்தது. மத்திய அரசில் ஓய்வுபெற்ற ஒருவரின் வழக்கில், பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் மருத்துவச் செலவை மறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. அதனை எடுத்துக்காட்டி மாவட்ட ஆட்சியருக்கு மூன்று மனுக்கள் எழுதினேன். எனதை மூன்றாவதாகவே எழுதினேன். மற்ற இருவரில் ஒருவர் கைம்பெண். பதில் இன்னும் வரவில்லை.