எங்கிருந்து?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பகுதி இரண்டு ஆங்கிலம் என்றாலே அறிவியல் மாணவர்களாகிய நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இலக்கண விதிகள் மனப்பாடம் ஆகிவிடுகின்றன; ஆனால் வாக்கியம் அமைக்கும் வேளையில் எந்த வினைச்சொல்லை எங்கே வைப்பது என்பதுதான் பெரும்பாடு. அத்தகைய சொற்களுள் ஒரு கூட்டத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கின்றேன். ஒரு பொருளோ, ஒரு மனிதனோ, ஓர் எண்ணமோ எங்கிருந்து வந்தது என்று கூறும் வினைச்சொற்கள் அவை. 'கம் ஃபிரம்', 'ஒரிஜினேட்', 'அரைஸ்', 'ஸ்டெம்', 'டெரைவ்', 'டிசெண்ட்' என்று வரிசையாக நிற்கின்றன. அகராதியைப் புரட்டினால், 'தோன்று', 'உண்டாகு', 'பிற' என்னும் சொற்களே மாறி மாறி வருகின்றன. ஆனால் ஆங்கிலம் அறிந்தோர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதில்லை.

எளிய சொல்லையே முதலில் பார்ப்போம். 'ஐ கம் ஃபிரம் குளித்தலை' என்றால் குளித்தலை என் சொந்த ஊர் என்று பொருள். 'ஐ ஆம் கமிங் ஃபிரம் குளித்தலை' என்றால் இப்போது அங்கிருந்து வந்துகொண்டிருக்கின்றேன் என்று பொருள். 'ஐ கேம் ஃபிரம் குளித்தலை' என்றால் அங்கிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தேன் என்பதே பெரும்பாலும் பொருள். காலம் மாறினால் கருத்தே மாறிவிடுகின்றது! தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'எந்த ஊர்?' என்று கேட்கின்றோம். 'குளித்தலைப் பக்கம்' என்று பதில் சொல்கின்றோம். கேள்வியிலும் வினைச்சொல் இல்லை, பதிலிலும் இல்லை. ஊர் என்பது நம்மோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதிலிருந்து 'வருவது' என்ற பேச்சே எழவில்லை.

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது நம் மாணவர்கள் 'ஐ ஹெயில் ஃபிரம்' என்று தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அது கடலிலிருந்து கரையேறிய சொல். நடுக்கடலில் ஒரு கப்பலைக் கண்டால் மற்றொரு கப்பலார் உரக்கக் கூவி, எந்தத் துறைமுகம் என்று கேட்பார்களாம். அந்தக் கூவலே 'ஹெயில்'. இன்று எழுத்தில் அது வழங்கினாலும், இயல்பான பேச்சுக்கு 'கம் ஃபிரம்' போதும்.

ஆறுகளுக்கு ஆங்கிலம் தனி மரியாதை தருகின்றது. காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் உற்பத்தியாகின்றது என்பதை 'ரைசஸ்' என்றே எழுதுவர். கதிரவன் எழுவதற்கும் அதே சொல்தான். 'ஒரிஜினேட்' என்பதற்கும் மூலமான இலத்தீன் சொல் எழுதலையே குறிக்கும். அச்சொல்லைப் பயன்படுத்தும்போது பின்னால் வரும் உருபைக் கவனிக்க வேண்டும். ஓர் இடத்தில் தோன்றியது என்றால் 'இன்'. ஒரு மனிதரிடம் தொடங்கியது என்றால் 'வித்'. குவாண்டம் கருத்து 1900ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்கிடம் தொடங்கியது என்பதை 'ஒரிஜினேட்டட் வித் பிளாங்க்' என்று எழுதுகின்றனர். தோன்றுதல் என்னும் பொருளில் இச்சொல்லைச் செயப்பாட்டு வினையாக்கி 'வாஸ் ஒரிஜினேட்டட் ஃபிரம்' என்று எழுதுவது வழக்கன்று.

'அரைஸ்', 'ஸ்டெம்' இரண்டும் பெரும்பாலும் சிக்கல்களுக்கும் ஐயங்களுக்கும் உரியவை. ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதால் பிழை நேர்கின்றது என்பதற்கு 'அரைஸ்' பொருந்தும். பஞ்சத்திலிருந்து பகை முளைத்தது என்பதற்கு 'ஸ்டெம்' பொருந்தும். ஸ்டெம் என்றால் செடியின் தண்டு அல்லவா? ஆனால் ஒரு மனிதர் திருச்சியைச் சேர்ந்தவர் என்று கூற இவ்விரண்டும் உதவா. 'டிசெண்ட்' முன்னோருக்கு உரியது. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்பதற்கு இச்சொல்லே பொருத்தம். ஆங்கிலேயர் முன்னோரிடமிருந்து 'இறங்கி' வருகின்றனர். நாமோ 'வழி'யாக வருகின்றோம். ஏணி அவர்களுக்கு, பாதை நமக்கு!

இனி, இயற்பியல் மாணவர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் சொல்லுக்கு வருவோம். தனி ஊசலின் அலைவு நேரத்திற்கான கோவையை 'டெரைவ்' செய்க என்று வினாத்தாள் கட்டளையிடுகின்றது. இங்கே அதற்கு வருவித்தல் என்று பெயர். அடிப்படை விதிகளிலிருந்து படிப்படியாக நடந்து முடிவை அடைய வேண்டும். சூத்திரத்தை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. அதே சொல்தான் ஒரு சொல்லின் பிறப்பைக் கூறவும் பயன்படுகின்றது. 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து வந்தது; 'செரூட்' சுருட்டிலிருந்து வந்தது; 'மல்லிகட்டானி' மிளகுத்தண்ணீரிலிருந்து வந்தது. 'டெரைவ்ஸ் ஃபிரம்' என்றாலும், 'இஸ் டெரைவ்ட் ஃபிரம்' என்றாலும் இரண்டும் சரியே.

இச்சொல்லின் வேரைத் தேடினால் வியப்பு காத்திருக்கின்றது. 'ரீவுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓடை என்று பொருள். ஓடையிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுபோவதே 'டெரைவ்' என்பதன் பழம்பொருள். எதிராளி என்று பொருள்படும் 'ரைவல்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஒரே ஓடையின் நீரைப் பங்கிட்டுக்கொள்பவனே ரைவல். வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறப்பிடம் பற்றிய கேள்வி இலக்கணத்தோடு நின்றுவிட்டால் கவலையில்லை. 'எந்த ஊர்?' என்று அன்பாகத் தொடங்கும் கேள்வி, நம் நாட்டில் 'எந்தத் தெரு?' என்று நீள்வதுண்டு. தெருவைக் கேட்பவருக்குத் தெரு தேவையில்லை. அவருக்குத் தேவையானது எது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 'பரையா' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய தமிழ்ச் சொல்லிலிருந்து அது வந்தது என்று அகராதி ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை தலைமுறைகளின் வலி அடங்கியிருக்கின்றது! நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று பழமொழி சொன்ன நாம், எளியவர்களின் மூலத்தை மட்டும் துருவித் துருவிப் பார்த்தோம்.

இங்கே எனக்குத் துணை நிற்பது நான் படிக்கும் பாடமே. எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் மின்காந்த அலைகளே. எலெக்ட்ரான்களிலிருந்து வந்தால் எக்ஸ் கதிர் என்கின்றோம். அணுக்கருவிலிருந்து வந்தால் காமாக் கதிர் என்கின்றோம். பெயர் வேறுபட்டது பிறப்பிடத்தால். ஒரே ஆற்றலுடைய இரண்டு ஒளியன்கள் நம் முன் வந்தால், அவற்றை மட்டும் சோதித்து இது எங்கே பிறந்தது என்று கூற இயலாது. இரண்டும் ஒரே விரைவில் செல்லும். ஒரே வேலையைச் செய்யும். பிறப்பிடம் பெயரைத் தரலாம். ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ அந்தப் பெயரால் முடியாது.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விண்ணப்பப் படிவங்களில் முதல் பட்டதாரியா என்று ஒரு கேள்வி வருகின்றது. ஆம் என்று நிரப்புகின்றேன். அதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதினால் எந்த வினைச்சொல்லை வைப்பது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தின் படிப்பு என்னிடம் தொடங்கியது, 'ஒரிஜினேட்டட் வித் மீ' என்று எழுதலாம். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் உண்மைப்படி?

என் தந்தையார் பிறர் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் கூலித் தொழிலாளி. மாயனூரில் காவிரியிலிருந்து பிரியும் வாய்க்கால் நீர்தான் அவருக்குச் சோறு. முறை வரும் இரவுகளில் மண்வெட்டியும் விளக்குமாகப் போய் மடை திறப்பார். விடியற்காலையில் சேறு காய்ந்த காலோடு திரும்புவார். தாயார் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகின்றார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் இரண்டு வெள்ளாடுகள் சந்தைக்குப் போயின. தந்தையாருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். ஆனால் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விட வேண்டும், எந்தச் சரிவில் எவ்வளவு விரைவாக அது ஓடும் என்பதையெல்லாம் கடிகாரமும் சூத்திரமும் இன்றிச் சொல்வார்.

ஆகவே என் படிப்பு என்னிடம் தோன்றியதன்று. அது 'டெரைவ்ட் ஃபிரம் தெம்'. வாய்க்காலுக்கு என்று சொந்த நீர் கிடையாது. மேலே ஒருவர் மடையைத் திறந்துவிட்டதால்தான் அதில் நீர் ஓடுகின்றது. வருவித்துக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை என்பது தேர்வுக்கு மட்டும் உரிய விதி அன்று என்றே நினைக்கின்றேன்.

நண்பர்களே, நாளை நேர்முகத் தேர்வில் யாரேனும் ஆங்கிலத்தில் நம் ஊரைக் கேட்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஐ கம் ஃபிரம்' என்று நிகழ்காலத்திலேயே பதில் சொல்வோம். ஊரை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்த வினையை இறந்தகாலத்திற்கு மாற்ற வேண்டியதில்லை. தலைமடையில் இருப்பவர்களுக்கு நீர் முன்னதாகவே வந்துவிடும். கடைமடைக்கு அது வந்து சேரக் காலம் ஆகும். எங்கள் வயலுக்கு இப்போதுதான் வந்திருக்கின்றது. ஊரில் என் தங்கை பத்தாம் வகுப்பு படிக்கின்றாள். மடையை அடைக்காமல் அவள் பக்கம் திருப்பிவிடுவதே இனி என் வேலை.