27-ம் தேதி வரைக்கும்

மயிலாப்பூரில் சர்க்கரை வியாதிக்காரராக வாழ்வது, நகைக்கடை வாசலில் வாட்ச்மேன் வேலை பார்ப்பது மாதிரி. எல்லாம் கண்ணெதிரே இருக்கும், எதையும் தொடக்கூடாது. கபாலி கோயிலைச் சுற்றி நாலு மாட வீதி. பிரதட்சணமாகப் போனாலும் சரி, அப்பிரதட்சணமாகப் போனாலும் சரி, வழியில் காளத்தி கடை ரோஸ் மில்க் காத்திருக்கும். காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துவிட்டால் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸின் பொங்கலும் கெட்டிச் சட்னியும். டிசம்பர் வந்தால் சபா கான்டீன்கள். கச்சேரிக்குக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வாழை இலையை உத்தேசித்தே கிளம்புகிறார்கள் என்பது என் நீண்ட நாள் சந்தேகம்.

என் அப்பாவுக்கு 73 வயது. ஏ.ஜி. ஆபீஸில் 35 வருஷம் பிறர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அதை அவர் சமாளித்துவந்த விதத்தை பி.காம். படித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு பாடம் உண்டு. மார்ச் 31-ம் தேதி பாலன்ஸ் ஷீட் லட்சணமாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் கடைசி வாரம் மட்டும் கம்பெனி யோக்கியமாக நடந்துகொள்ளும். அப்பாவும் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து பாகற்காய், சுட்ட அப்பளம், ராத்திரி இரண்டே சப்பாத்தி என்று முனிவராகிவிடுவார். நாலாம் நாள் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 118. "பாத்தியா?" என்று ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டுவார். அன்று சாயங்காலமே மைசூர்பாகுடன் வெற்றி விழா.

போன நவராத்திரி சுண்டல் தீர்ந்த கையோடு இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. பழைய டாக்டர் பிராக்டிஸை விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் சின்னப் பெண். எச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். மூன்று நாள் பாகற்காய் இதனிடம் செல்லாது. 9.4 வந்தது. 7-ஐ ஒட்டி இருக்கவேண்டிய சமாசாரம். ஆயுசு முழுக்க ஆடிட் பண்ணின மனிதர் முதல் தடவையாக ஆடிட்டில் மாட்டிக்கொண்டார்.

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. விழித்திரையில் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு ஆரம்பித்திருப்பதாகக் கண் டாக்டர் எழுதியிருந்த சீட்டை மேஜைமேல் வைத்து, "இன்னும் பத்து வருஷம் பேப்பர் படிக்கணுமா, வேண்டாமா சார்?" என்று கேட்டார். அப்பா பேப்பரை முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்க டெண்டர் நோட்டீஸ் வரை படிப்பவர். வீடு வரும்வரை ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தியாவில் பத்து கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனை பேர் வீட்டிலும் யாரோ ஒருவர் ஸ்வீட் டப்பாவை ஒளித்து வைத்துக்கொண்டும், யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

மறுநாள் அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு கலரில் ஒரு டைம்டேபிள் தயாரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். 5.30 எழுந்திருத்தல், 5.50 நடை, 7.40 மாத்திரை... ரயில்வேக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மழை. அதற்கப்புறம் அந்தத் தாள் ஃப்ரிட்ஜுக்கு அலங்காரம், அவ்வளவுதான். 5.50 என்பது ஒரு எண். எண் வந்து யாரையும் கையைப் பிடித்து எழுப்பாது.

லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் சகாக்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள். வேகமான ஆளுக்கு 18, மந்தமான ஆளுக்குக் கணக்குப்படி 254 கூட ஆகலாம். நம்மூர் மண்டலம் 48 நாள் நடுவில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடாது என்பதும் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அவர்கள் யாரும் மணி பார்த்துச் செய்யவில்லை. காலை டிபனுக்கு அப்புறம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றோடு புதுசைக் கோத்துவிட்டார்கள்.

அம்மா இதையெல்லாம் படித்தவள் இல்லை. டைம்டேபிளைக் கிழிக்கவுமில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் மாத்திரையை வைத்தாள். மாத்திரை போனால்தான் தட்டு நிமிரும். பால் பாக்கெட் வாசலில் விழுந்த சத்தம் கேட்டால் செருப்பை மாட்டவேண்டும். இவர் திரும்பி வந்த பிறகுதான் பால் காயும், காபி கலக்கும். ஏ.ஜி. ஆபீஸ் பாஷையில் சொன்னால், அது இல்லாமல் இது பாஸ் ஆகாது.

நடை என்றால் நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893-ல் அமிர்தாஞ்சன் ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கிற பூங்கா. அங்கே காலையில் நடக்கிற அரசியல் விவாதங்களைக் கேட்டால் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றும். நடையில் கோளாறு இல்லை; திரும்புகிற வழிதான் கோளாறு. முன்பெல்லாம் சட்டைப் பையில் காசு இல்லாவிட்டால் சபலமும் இல்லை. இப்போது செல்போனைக் காட்டினால் கடைக்காரர் தலையாட்டுகிறார். நல்லவேளை, அந்த பாங்க் கணக்கின் எஸ்.எம்.எஸ். என் போனுக்கு வரும்படி அப்பாவே எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை 7.12-க்கு 'டிங்' என்றால் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு வாரத்தில் 'டிங்' நின்றுவிட்டது. மனம் திருந்திவிட்டார் என்று நினைத்தோம். பூங்கா நண்பர் ஒருவர் ஸ்பான்சர் செய்துகொண்டிருந்தார் என்பது பிற்பாடு, அந்த நண்பரின் மனைவி மூலம் வெளிவந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்ற மனோதத்துவக்காரர் குழந்தைகள் முன்னால் மிட்டாயை வைத்து, "இப்ப சாப்பிட்டா ஒண்ணு, நான் திரும்பி வர்றவரை காத்திருந்தா ரெண்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். காத்திருந்த குழந்தைகள்தான் பின்னாளில் பெரிய ஆளாக வருவார்கள் என்றெல்லாம் அதைப் பற்றி நிறைய ஊதினார்கள். 2018-ல் இன்னும் அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பலன் வெகுவாக இளைத்துப்போனது. ஆனால் ஒரு சின்ன விஷயம் நிற்கிறது. ஜெயித்த குழந்தைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்து வீரம் காட்டவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டன, பாட்டுப் பாடின, திரும்பி உட்கார்ந்தன. எங்கள் வீட்டிலும் அதேதான். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கும் பொறுப்பு அப்பாவிடமிருந்து பிடுங்கப்பட்டது. லஸ் சர்ச் ரோடு வழியாக நேரே வீடு.

அப்புறம் மார்கழி வந்தது. மயிலாப்பூரில் மார்கழி மாதம் யாரும் தனியாகத் திருந்தவேண்டியதில்லை. தெருவே சேர்ந்து எழுந்துவிடும். நாலரைக்கு அம்மா வாசலில் கோலம். எதிர் ஃப்ளாட் மாமி இன்னும் பெரிய கோலம். பாபநாசம் சிவன் வருஷக் கணக்காக நடத்திய மாட வீதி பஜனை இன்றைக்கும் விடியலில் போகிறது. அப்பா அதில் சேர்ந்துகொண்டு, சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் நாலு வீதியும் நடந்தார். அந்த நேரத்தில் ரோஸ் மில்க் கடை திறந்திருக்காது.

ஆனால் கேசவப் பெருமாள் கோயிலில் பிரசாதம் உண்டே! தொன்னையில் ஆவி பறக்கும் சர்க்கரைப் பொங்கல்.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா பாவம்டி."

"வேண்டாம்னு யார் சொன்னா? ஆண்டாள் சொன்ன மாதிரி 27-ம் தேதி வரைக்கும் பொறுங்கோன்னுதானே சொல்றேன்."

வருஷா வருஷம் திருப்பாவை காதில் விழுந்தும் இதை நான் கவனித்ததில்லை. இரண்டாம் பாட்டில் நெய் கிடையாது, பால் கிடையாது, மை கிடையாது, பூ கிடையாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. 27-ம் பாட்டுக்கு வந்தால் நகை, புது ஆடை, நெய்யில் முங்கிக் குளிக்கிற பால்சோறு. அதுதான் கூடாரவல்லி. எந்த ஆசையையும் ரத்து பண்ணவில்லை. தேதி போட்டு ஒத்தி வைத்திருக்கிறார்கள்!

அப்பாவுக்கு இது பிடித்துப் போயிற்று. 'கிடையாது' என்றால் சண்டைக்கு வருகிறவர், 'பெண்டிங்' என்றால் பேசாமல் ஏற்றுக்கொண்டார். 35 வருஷ சர்வீஸ். காலண்டரில் தானே சிவப்பு மசியில் வட்டம் போட்டார். கோயிலில் யார் தொன்னையை நீட்டினாலும், "27-ம் தேதி" என்று சொல்லிவிட்டு, கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். நீட்டினவர்கள் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள். விரதம்தான்.

கூடாரவல்லி அன்று அம்மா அக்காரவடிசல் வைத்தாள். டாக்டரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தோம்: சாதத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு ஸ்பூன். அப்பா அந்த இரண்டு ஸ்பூனை இருபது நிமிஷம் சாப்பிட்டார். நடுவில் யாரையும் பேச விடவில்லை.

பொங்கல் கழிந்து எடுத்த எச்பிஏ1சி 7.8. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ரிப்போர்ட்டை அப்பா ஆட்டிக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் டாக்டரிடம் மறுபடி போகவேண்டும். அதற்குள் பஜனை முடிந்துவிட்டது, கோலம் சின்னதாகிவிட்டது, பெருமாளும் பழைய நேரத்துக்கு எழுந்திருக்கிறார். போனவாரம் இரண்டு நாள் பால் பாக்கெட் விழுந்த சத்தம் அப்பா காதில் விழவில்லை.

அம்மா காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது பங்குனியில. அறுபத்துமூவர் அன்னிக்கு."

அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் அடிக்கொரு தண்ணீர்ப் பந்தல். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு என்ன சாங்ஷன்?"

"நீர்மோர். எத்தனை டம்ளர் வேணும்னாலும்."

"பானகம்?"

"வெல்லம்னா அது!"

"ஏலக்காயும் சுக்கும் கூடத்தான் இருக்கு" என்றார் அப்பா.